விமான நிலையக் காவலுக்கு ஆகும் செலவு யார் தலையில்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமான டிக்கெட்டின் அடிப்பகுதியில் அச்சாகும் கட்டணப் பட்டியலைப் பெரும்பாலோர் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அந்தப் பட்டியலில் உள்ள ஒரு வரியைப் பற்றியது இந்தப் பக்கம். இந்திய விமான நிலையங்களில் துப்பாக்கி ஏந்தி நிற்பவர்களுக்கும், நம் பையைத் திரையில் பார்ப்பவர்களுக்கும், வாசலுக்கு வெளியே போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் காவலர்களுக்கும் சம்பளம் எங்கிருந்து வருகிறது, அந்தத் தொகையை யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்பவர்களுக்காக இது எழுதப்படுகிறது.

டிக்கெட்டில் 236 ரூபாய் என்று ஒரு வரி இருக்கிறதே, அது என்ன?

அது விமானப் பாதுகாப்புக் கட்டணம், டிக்கெட்டில் ஏ.எஸ்.எஃப். என்ற சுருக்கப் பெயரில் இருக்கும். உள்நாட்டுப் பயணத்துக்கு 200 ரூபாய், அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 36 ரூபாய், ஆக 236. புறப்படும் பயணியிடம் மட்டுமே இது வாங்கப்படுகிறது, வந்திறங்குபவர் கட்டுவதில்லை. சென்னையிலிருந்து மதுரைக்குப் போய்த் திரும்பும் ஒருவர் சென்னையில் ஒரு முறையும் மதுரையில் ஒரு முறையும் சோதனைக்கு உட்படுகிறார் என்பதால் இரண்டு முறை கட்டுகிறார்.

வெளிநாடு செல்பவருக்கு இதே கட்டணம் 12 அமெரிக்க டாலர். இந்த இரு விகிதங்களும் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தவை.

இதைப் பயனர் மேம்பாட்டுக் கட்டணத்தோடு, அதாவது யு.டி.எஃப். என்பதோடு, குழப்பிக்கொள்ளக் கூடாது. பயனர் மேம்பாட்டுக் கட்டணம் நிலையத்துக்கு நிலையம் மாறும். பெரிய நிலையங்களுக்கு அதை விமான நிலையப் பொருளாதார ஒழுங்குமுறை ஆணையம் விசாரணை நடத்தி நிர்ணயிக்கும். பாதுகாப்புக் கட்டணமோ நாடு முழுவதும் ஒரே தொகை. அதை நிர்ணயிப்பது சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகம்.

யாரெல்லாம் கட்ட வேண்டியதில்லை?

இரண்டு வயது நிரம்பாத குழந்தைகள், தூதரகக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள், பணியில் இருக்கும் விமான ஊழியர்கள், அலுவல் நிமித்தம் ராணுவ விமானத்தில் செல்பவர்கள், ஐ.நா. அமைதிப் பணிக்குச் செல்பவர்கள், 24 மணி நேரத்துக்குள் விமானம் மாறிச் செல்பவர்கள்.

வசூலாகும் பணம் எங்கே போகிறது?

விமான நிறுவனம் டிக்கெட்டோடு சேர்த்து வாங்கி, தேசிய விமானப் பாதுகாப்புக் கட்டண அறக்கட்டளை என்ற பொதுக் கணக்கில் செலுத்துகிறது. அந்தக் கணக்கிலிருந்தே விமான நிலையங்களில் பணியாற்றும் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையின் செலவு ஈடுசெய்யப்படுகிறது. படை உள்துறை அமைச்சகத்தின் கீழ் இருப்பது; காவலரின் சம்பளம் மாதம் தவறாமல் அரசுக் கருவூலத்திலிருந்தே போகும். கட்டணம் வசூலாகி வந்து அதை ஈடுசெய்ய வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. வசூல் போதாமல் போனாலோ, வர வேண்டியது காலம் தாழ்ந்து வந்தாலோ, இடைப்பட்ட காலத்தில் சுமையைத் தாங்குவது பொதுப் பணம்தான். ‘முழுச் செலவையும் பயணிகளே கட்டுகிறார்கள், மக்கள் வரிப்பணம் ஒரு பைசாவும் போவதில்லை’ என்று சொல்லப்படும்போது இந்த இடைவெளி பேச்சில் வருவதில்லை.

எல்லா நிலையங்களின் வசூலும் ஒரே கணக்கில் சேர்வதால் என்ன பயன்?

2019 ஜூலை 1க்கு முன்பு நடப்பில் இருந்தது பயணிகள் சேவைக் கட்டணம். பயணிக்கு 200 ரூபாய். அதில் 130 ரூபாய் பாதுகாப்புக்கு, 70 ரூபாய் நிலைய வசதிகளுக்கு. தனியார் பங்கேற்புள்ள நிலையங்களில் அந்த 130 ரூபாயை எஸ்க்ரோ கணக்கில், அதாவது குறிப்பிட்ட செலவுக்கென்றே ஒதுக்கிய தனிக் கணக்கில், வைத்து, அரசின் சார்பில் அறங்காவலரைப் போல நிலைய நிர்வாகமே கையாண்டது. கூட்டம் மிகுந்த நிலையத்தின் கணக்கில் மிச்சம் விழலாம்; கூட்டம் குறைந்த நிலையத்தில் துண்டு விழும்; ஒன்றின் மிச்சம் மற்றொன்றின் துண்டுக்கு உதவாது. பொதுக் கணக்கு வந்தபின் டெல்லியில் ஏறும் பயணி கட்டும் 200 ரூபாயில் ஒரு பகுதி, ஒரு நாளைக்கு நான்கு விமானங்கள் மட்டுமே வந்துபோகும் ஏதோ ஓர் ஊரின் காவலுக்குப் போகிறது. இது நியாயமான ஏற்பாடு என்றே நான் கருதுகிறேன். ஒரு விமானம் கடத்தப்பட்டால் அது எந்த ஊரில் கிளம்பியது என்பதைப் பொறுத்து ஆபத்து கூடுவதோ குறைவதோ இல்லை.

முன்பெல்லாம் மாநிலப் போலீஸ்தானே நின்றது? மத்தியப் படை ஏன் வந்தது?

ஆம், இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை அந்தந்த மாநிலக் காவல்துறையே விமான நிலையங்களில் பயணிகளைச் சோதித்தது. இந்த ஏற்பாடு ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஒவ்வொரு பேரிழப்புக்குப் பிறகும் ஒரு படி ஏறியது.

சென்னைவாசிகளுக்கு மறக்க முடியாதது 1984 ஆகஸ்ட் 2 இரவு. கொழும்பு செல்லும் விமானத்துக்கென்று பெட்டிகளைப் பதிவு செய்தவர் விமானம் ஏறவில்லை. நிலையத்திலேயே நின்றுபோன அந்தப் பெட்டிகள் மீனம்பாக்கத்தில் வெடித்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக்கு அருகே கடலின் மேல் வெடித்துச் சிதறியதில் 329 பேர் மாண்டனர். அதிலும் பெட்டிக்கு உரியவர் விமானத்தில் இல்லை. ஏறாத பயணியின் பெட்டியைத் தேடி இறக்கிவிட்டுத்தான் விமானம் கிளம்ப வேண்டும் என்ற விதியை, ‘யாரோ ஒருவருக்காக நாம் முக்கால் மணி நேரம் காத்திருக்கிறோமே’ என்று இன்று சலித்துக்கொள்பவர்கள் இவ்விரு சம்பவங்களையும் நினைவில் கொள்ளலாம். அதுவரை சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்துக்குள் ஒரு பிரிவாக இருந்த சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம், 1987 ஏப்ரல் 1 முதல் தனித் துறையாயிற்று.

மத்தியப் படை வந்தது அதற்கும் பிறகு. 1999 டிசம்பர் 24 அன்று காத்மாண்டுவிலிருந்து டெல்லிக்குக் கிளம்பிய ஐ.சி. 814 விமானம் கடத்தப்பட்டு அமிர்தசரஸ், லாகூர், துபாய் வழியாகக் காந்தகார் சென்று, ஆண்டின் கடைசி நாளில்தான் பயணிகள் விடுவிக்கப்பட்டார்கள். ஆறே வாரங்களில், 2000 பிப்ரவரியில், மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை ஜெய்ப்பூர் விமான நிலையத்தைப் பொறுப்பேற்றது. தொழிற்சாலைகளையும் சுரங்கங்களையும் காக்க 1969இல் அமைக்கப்பட்ட படை அது. இன்று 60க்கும் மேற்பட்ட விமான நிலையங்கள் அதன் காவலில் உள்ளன.

செலவுக் கணக்கு தலைகீழானதும் அப்போதுதான். மாநிலக் காவலர் நின்ற காலத்தில் அவர் மாநிலக் காவல்துறையின் மொத்தக் கணக்கில் ஒருவர். ஊரில் கலவரம் என்றால் விமான நிலையத்திலிருந்து எடுத்து அங்கே போடுவார்கள். மத்தியப் படை அப்படி வருவதில்லை. அந்தப் படையின் சட்டப்படி, காவல் கேட்கும் நிறுவனம் அதற்குரிய தொகையைச் செலுத்த வேண்டும். ஒதுக்கப்பட்ட பணியிடம் ஒவ்வொன்றுக்கும் பில் உண்டு.

ஒரு சோதனை வரிசைக்கு எவ்வளவுதான் செலவாகும்?

நீங்கள் அடுத்த முறை வரிசையில் நிற்கும்போது எண்ணிப் பார்க்கலாம். மடிக்கணினியை வெளியே எடுத்துத் தட்டில் வைக்கச் சொல்பவர் ஒருவர். எக்ஸ்ரே திரையின் முன் ஒருவர். சந்தேகத்துக்குரிய பையைப் பிரித்துப் பார்ப்பவர் ஒருவர். கையடக்க மெட்டல் டிடெக்டரோடு ஆண்களைச் சோதிப்பவர் ஒருவர். திரைச்சீலைக்குப் பின்னால் பெண்களைச் சோதிக்கும் பெண் காவலர் ஒருவர். இவர்களை மேற்பார்க்கும் அதிகாரி ஒருவர். ஆக ஆறு இடங்கள். திரையைப் பார்ப்பவரின் கண் சோர்ந்துவிடும் என்பதால் ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு ஒரு முறை ஆள் மாற்றுவது உலகெங்கும் உள்ள வழக்கம். அதற்கு வேண்டிய கூடுதல் ஆளை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை.

வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. ஒருவர் வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்வார் என்றால் ஓர் இடத்தை இரவு பகல் நிரப்ப மூன்றரை ஆள் வேண்டும். விடுப்பு, பயிற்சி, துப்பாக்கிச் சுடும் பயிற்சி, உடல்நலக் குறைவு என எல்லாவற்றையும் சேர்த்தால் நாலரை என்று வைத்துக்கொள்வது மிகையில்லை. ஆறு இடங்களுக்கு 27 பேர்.

இவர்கள் அனைவருமே புதிதாகச் சேர்ந்த கான்ஸ்டபிள்கள் என்று மிகக் குறைவாகவே வைத்துக்கொண்டாலும், ஏழாவது ஊதியக் குழுவின்படி அவர்களின் தொடக்க அடிப்படைச் சம்பளம் மாதம் 21,700 ரூபாய். 27 பேருக்கு ஓராண்டுக்கு 70 லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. அகவிலைப்படி, வாடகைப்படி, குடியிருப்பு, சீருடை, ஆயுதம், மருத்துவம், ஓய்வூதியத்துக்கான பங்கு எதுவும் இதில் இல்லை. அந்த 70 லட்சத்தை 200ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 35,000 பயணிகள், நாளுக்கு ஏறக்குறைய 96 பேர். சுமார் 70 இருக்கைகள் கொண்ட ஏ.டி.ஆர். விமானம் ஒன்று தினமும் இருக்கை காலியில்லாமல் கிளம்பினாலும், அந்த ஒரு வரிசையின் அடிப்படைச் சம்பளத்துக்குக்கூடப் போதாது. ஒரே விமானம் வரும் ஊரில் சோதனை வரிசை 24 மணி நேரமும் திறந்திருக்காது என்பது உண்மை. ஆனால் சுற்றுச்சுவரும் ஓடுதளமும் இரவில் காணாமல் போய்விடுவதில்லை. அவற்றுக்குக் காவல் எந்நேரமும் வேண்டும்.

பயணிகள் குறைந்தால் செலவும் குறையுமா?

குறையாது, முழுச் சிக்கலும் இதில்தான் இருக்கிறது. வருமானம் தலைக்கு இவ்வளவு என்று வருகிறது, செலவோ வாசலுக்கு இவ்வளவு, ஷிஃப்டுக்கு இவ்வளவு என்று போகிறது. 2020 மார்ச் 25 முதல் மே 24 வரை உள்நாட்டு விமானங்கள் அடியோடு நின்றன. அந்த இரண்டு மாதங்களில் கட்டண வசூல் ஏறத்தாழ ஒன்றுமில்லை. ஆனால் காவலர் எவரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது, நிறுத்திவைத்த விமானங்களுக்கும் காவல் வேண்டியிருந்தது.

அதன் விளைவு விகிதத்திலேயே தெரிகிறது. 2019 ஜூலையில் இந்தக் கட்டணம் தொடங்கியபோது உள்நாட்டுப் பயணிக்கு 150 ரூபாய், வெளிநாட்டுப் பயணத்துக்கு 4.85 டாலர். 2020 செப்டம்பர் 1இல் 160 ரூபாய், 5.20 டாலர். 2021 ஏப்ரலில் 200 ரூபாய், 12 டாலர். பயணிகள் குறைந்தபோது எஞ்சியிருந்தவர்களின் தலைக்குச் சுமை ஏறியது. எந்தக் கடைக்காரரும் வியாபாரம் படுத்த மாதத்தில் விலையை ஏற்ற மாட்டார். தலைக்கட்டு வரியில் மட்டும்தான் இப்படி நடக்கும். பிறகு பயணிகள் எண்ணிக்கை பழைய அளவைத் தாண்டியபோது கட்டணம் 150க்கு இறங்கவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

வெளிநாட்டுப் பயணியிடம் மட்டும் ஏன் இவ்வளவு அதிகம்? அவருக்குச் சோதனை அதிகமா?

சோதனையில் பெரிய வேறுபாடு இல்லை. அதே மெட்டல் டிடெக்டர், அதே தட்டு. நீண்ட பயணத்துக்கு முன்னதாகவே வந்து காத்திருப்பதும், சில நாடுகளுக்குச் செல்லும் விமானங்களுக்கு ஏறும் வாசலில் இன்னொரு சோதனை இருப்பதும் உண்மைதான் என்றாலும், ஐந்து மடங்கு கட்டணத்தை அது விளக்காது. கட்டக்கூடியவரிடம் கூடுதலாக வாங்குவது என்பதே உண்மையான காரணமாக இருக்க முடியும். டாலருக்கு 85 ரூபாய் எனக் கொண்டால், வெளிநாடு செல்லும் 2 லட்சம் பேர் கட்டும் தொகை, உள்நாட்டில் பறக்கும் 10 லட்சம் பேர் கட்டும் 20 கோடி ரூபாய்க்குச் சமமாகிறது. திருச்சியிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் கூலி வேலைக்குப் போகிறவர்தான் அந்த 12 டாலரைக் கட்டுகிறார், டெல்லிக்கு அலுவல் கூட்டத்துக்குப் பறப்பவர் 200 ரூபாயோடு முடித்துக்கொள்கிறார் என்பதை நினைத்தால், ‘கட்டக்கூடியவர்’ என்ற சொல்லில் கொஞ்சம் இடிக்கிறது.

எத்தனை காவலர் வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

எந்த வாசலில் என்ன சோதனை, எந்த அளவுகோல் என்று விதிப்பது பாதுகாப்புப் பணியகம். ஆள் கொடுப்பது உள்துறை அமைச்சகத்தின் படை. கட்டணத்தை அறிவிப்பது விமானப் போக்குவரத்து அமைச்சகம். வசூலித்துக் கொடுப்பது விமான நிறுவனம். செலுத்துவது பயணி. இந்த ஐவரில் ஆள் எண்ணிக்கையைக் குறைத்தால் தனக்கு லாபம் என்று நினைக்கக்கூடியவர் கடைசியில் நிற்கும் பயணி ஒருவரே. அவரோ முடிவு எடுக்கும் அறைக்குள் இல்லை. விதிப்பவருக்கு ஓர் ஆளைக் கூட்டினால் பழி வராது, குறைத்தால் வரலாம். கொடுப்பவருக்குப் பணியிடம் கூடுகிறது. இதில் யாருடைய நேர்மையையும் நான் சந்தேகிக்கவில்லை. சிக்கனம் பார்க்கும் பொறுப்பு எவர் மேலும் விழாதபடி ஏற்பாடு அமைந்திருக்கிறது என்பதே என் குறை.

பிரிட்டனில் வேறொரு முறையைக் கையாள்கிறார்கள். அங்கே முன்பு குறிப்பிட்ட சில நிலையங்கள் மட்டும் உள்ளூர்க் காவல்துறைக்குப் பணம் கட்டின. மற்ற நிலையங்களின் காவல் செலவு அந்தந்த வட்டார மக்கள் தலையில் விழுந்தது. 2009ஆம் ஆண்டின் காவல் மற்றும் குற்றச் சட்டம் வந்தபிறகு, நிலைய நிர்வாகம், காவல்துறை, விமான நிறுவனங்களின் பிரதிநிதி ஆகியோர் ஒரே மேசையில் அமர்ந்து ஆபத்தை மதிப்பிட்டு, எத்தனை காவலர், எவ்வளவு தொகை என்று உடன்பாடு எழுத வேண்டும். பேரம் நடக்கும், சச்சரவும் வரும். ஆனால் பில் கட்டுபவர், பில் எழுதப்படும் இடத்தில் இருக்கிறார்.

ஆள் குறைப்பு நம் நாட்டில் நடந்ததே இல்லையா?

நடந்திருக்கிறது, இரண்டு விதமாக.

ஒன்று, கைப்பையில் தொங்கும் அட்டையில் முத்திரை குத்தும் வழக்கம் 2017இல் பெருநகர நிலையங்களில் தொடங்கிப் படிப்படியாகக் கைவிடப்பட்டது. சோதனை முடிந்த ஒவ்வொரு பையின் அட்டையிலும் ஒருவர் முத்திரை குத்துவார். விமானத்தில் ஏறும் இடத்தில் இன்னொருவர் அது இருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பார். முத்திரை விட்டுப்போனவர் மூச்சிரைக்கத் திரும்ப ஓடி வருவார். கண்காணிப்புக் கேமராக்களை நம்பி அதை நிறுத்தியபோது பாதுகாப்பில் ஓட்டை விழுந்ததாக யாரும் சொல்லவில்லை.

மற்றொன்று பெரியது. 2016ஆம் ஆண்டின் தேசிய சிவில் விமானக் கொள்கை, முக்கியமல்லாத காவல் பணிகளைத் தனியார் காவலர்களிடம் விடலாம் என்றது. அதன்படி 50 விமான நிலையங்களில் மத்தியப் படையின் 3,049 பணியிடங்கள் நீக்கப்பட்டு, 1,924 தனியார் காவலர்கள் அமர்த்தப்படுவதாக 2022இல் செய்தி வெளியானது. ஆயுதம் தேவைப்படாத, பயணிகள் வரிசையை ஒழுங்குபடுத்துவது, முனையத்துக்குள் சில வாசல்களில் நிற்பது போன்ற பணிகள் அவர்களுக்கு. உடல் சோதனையும் கடத்தல் தடுப்பும் படையிடமே இருக்கின்றன. மூன்று பேர் நின்ற இடத்தில் இரண்டு பேர் போதும் என்பது தெரிந்த பிறகு, அந்த மூன்றாமவருக்கு அதுவரை பயணிகள் கட்டியது எவ்வளவு என்று கேட்கத் தோன்றுவது இயல்பே.

சோதனை விதி ஒன்று மாறினால் செலவு மாறுமா?

மாறும், சிறிய எடுத்துக்காட்டு ஒன்று. தேங்காய், எளிதில் தீப்பற்றக்கூடியது என்ற காரணத்தால் கைப்பையில் கொண்டுபோகத் தடை செய்யப்பட்ட பொருள்களில் ஒன்று. சபரிமலைக்கு இருமுடி கட்டிச் செல்பவர்கள் நெய்த் தேங்காயைப் பெட்டியில் போட்டு அனுப்ப மனம் ஒப்புவதில்லை. எனவே 2022 நவம்பரில், மகர விளக்கு முடியும்வரை, இருமுடித் தேங்காயைக் கையோடு கொண்டுபோகப் பாதுகாப்புப் பணியகம் அனுமதித்தது. 2024இலும் அதே சலுகை வந்தது. ஆனால் அது வெறும் அனுமதியன்று. எக்ஸ்ரே, வெடிமருந்துத் துகள் கண்டறியும் கருவி, கையால் பிரித்துப் பார்த்தல் என மூன்றும் நடக்க வேண்டும். கறுப்பு வேட்டியோடு நிற்கும் நாற்பது பேர் கொண்ட ஒரு குழுவின் இருமுடிகளை, நெய் சிந்தாமலும் கட்டின் புனிதம் கெடாமலும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க எத்தனை கைகள், எத்தனை நிமிடங்கள் வேண்டும் என்பதை அந்த வரிசையின் கடைசியில் நின்றவர்கள் அறிவார்கள். விதியை எழுதுவது ஒரு சுற்றறிக்கை. அதை நிறைவேற்றுவது ஆள்.

தனியார் நிர்வகிக்கும் நிலையங்களில் அந்த நிறுவனமே காவல் செலவை ஏற்கக் கூடாதா?

டெல்லி, மும்பை நிலையங்கள் 2006இல் தனியார் பங்கேற்புக்கு மாறியபோதே, பாதுகாப்பு, சுங்கம், குடியேற்றம், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு ஆகியவை அரசின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் ஒதுக்கிவைக்கப்பட்டன. நிறுவனம் கடைகளுக்கு வாடகை வாங்கலாம். துப்பாக்கி ஏந்த முடியாது. காவலுக்கான கட்டணம் தனியாக வசூலாவதால் அந்தச் செலவு நிறுவனத்தின் லாபக் கணக்கைத் தொடுவதுமில்லை.

ஆனால் எல்லைக்கோடு எப்போதும் தெளிவாக இருக்கவில்லை. பழைய 130 ரூபாய்க் கணக்கிலிருந்து சம்பளம் மட்டும் கொடுக்க வேண்டுமா, ஸ்கேனர் வாங்குவதும் பராமரிப்பதும்கூட அதில் அடங்குமா என்ற கேள்வியில் பெரிய வழக்கே நடந்தது. மூலதனச் செலவுக்காக அந்தக் கணக்கிலிருந்து எடுத்ததைத் திருப்பி வைக்க வேண்டும் என்று 2014 பிப்ரவரியில் அமைச்சகம் ஆணையிட, நிறுவனங்கள் உயர் நீதிமன்றங்களை நாடின. படித்துப் பார்த்தால் வழக்கின் சாரம் எளியது: ஸ்கேனர் என்பது காவலின் ஒரு பகுதியா, கட்டடத்தின் ஒரு பகுதியா?

அப்படியென்றால் ஸ்கேனர்களுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்?

பயணிதான், வேறு பெயரில். நிலைய நிர்வாகம் வாங்கும் கருவி அதன் சொத்துக் கணக்கில் சேர்ந்து, ஒழுங்குமுறை ஆணையம் அனுமதிக்கும் அளவுக்குப் பயனர் மேம்பாட்டுக் கட்டணத்தின் வழியாக ஆண்டாண்டாகத் திரும்பி வருகிறது. ஆகவே பாதுகாப்புக்கு நீங்கள் கட்டுவது 236 ரூபாய் மட்டும் என்று நினைத்தால் அது சரியான கணக்கு அன்று. விமானத்தின் ஏணியடியில் பையைச் சோதிக்கும் ஊழியருக்கும், சரக்கைச் சோதிப்பவருக்கும் விமான நிறுவனமே சம்பளம் கொடுக்கிறது. அது அடிப்படைக் கட்டணத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

வாசலுக்கு வெளியே நிற்கும் போலீஸாருக்கு?

மாநில அரசு. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணைப்படி விமான நிலையங்கள் ஒன்றியப் பட்டியலில் உள்ளன. பொது ஒழுங்கும் காவலும் மாநிலப் பட்டியலில் உள்ளன. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நடப்பது ஒரு பட்டியல், வெளியே கார் நிறுத்துமிடத்தில் நடப்பது வேறொரு பட்டியல். உள்ளே பிடிபடும் ஆளைக்கூட மத்தியப் படை உள்ளூர்க் காவல் நிலையத்தில்தான் ஒப்படைக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை, விசாரணை, நீதிமன்றம் எல்லாம் மாநிலக் காவல்துறையின் வேலை. மிரட்டல் அழைப்பு ஒன்று வந்துவிட்டால் வெடிகுண்டு நிபுணர்களும் மோப்ப நாய்களும் விடிய விடிய அலைகிறார்கள். அழைத்தவரைத் தேடிப் பிடிக்கும் செலவும் மாநிலத்தினுடையதே. இவற்றில் எதற்கும் 200 ரூபாயிலிருந்து பங்கு கிடையாது.

சேலம் போன்ற சிறிய நிலையங்களில் எப்படி?

ஓமலூர் அருகே காமலாபுரத்தில் உள்ள சேலம் நிலையத்திலிருந்து, சிறிய ஊர்களை மலிவு விமானங்களால் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தின் கீழ், 2018 மார்ச்சில் சென்னைக்கு விமானம் தொடங்கியது, 2021இல் நின்றது, 2023 அக்டோபரில் மீண்டும் வந்தது. உடான் திட்டத்தில் சேரும் மாநிலம், தன் பங்காகக் காவலையும் தீயணைப்பு வசதியையும் கட்டணமின்றித் தர ஒப்புக்கொள்கிறது. விமான எரிபொருள் மீதான வரியையும் 1 விழுக்காட்டுக்குள் குறைத்துக்கொள்கிறது. மலிவு டிக்கெட்டின் விலையில் ஒரு பங்கு இப்படி மாநிலக் கருவூலத்தில் பதுங்கியிருக்கிறது. ‘எங்கள் ஊருக்கும் விமானம் வேண்டும்’ என்று கோரிக்கை மனு எழுதுபவர்கள், ஊரில் ஏற்கெனவே ஆள் பற்றாக்குறையில் உள்ள காவல் நிலையத்திலிருந்து எத்தனை பேர் அங்கே போக வேண்டியிருக்கும் என்பதையும் மனுவில் ஒரு வரி சேர்க்கலாம்.

மக்களைக் காப்பது அரசின் கடமை அல்லவா? பேருந்து நிலையத்தில் நிற்கும் போலீஸாருக்கு யாரும் தனியாகக் கட்டுவதில்லையே?

நியாயமான கேள்வி. விமானத்தில் ஒருபோதும் ஏறாத குடும்பங்களே நாட்டில் பெரும்பான்மை. அவர்களின் வரியில் விமானப் பயணியைக் காப்பது சரியா என்று மறுபக்கம் கேட்கிறார்கள், அதுவும் நியாயமானதே. ஆனால் கடத்தப்பட்ட விமானம் கட்டடத்தின் மேல் மோதும்போது தரையில் இருப்பவர்களும் சாகிறார்கள் என்பதை 2001 செப்டம்பர் 11 காட்டியது. பயனைப் பயணி மட்டும் பெறுவதில்லை என்பதால் செலவில் ஒரு பங்கையாவது பொதுப் பணம் வெளிப்படையாக ஏற்பதே பொருத்தம் என்பது என் நிலைப்பாடு.

அமெரிக்காவில் ஒரு வழிப் பயணத்துக்கு 5.60 டாலர் வாங்குகிறார்கள். அங்கே சோதனைத் துறையின் செலவில் பெரும் பகுதி அரசின் நிதியிலிருந்தும் வருகிறது. வேடிக்கை என்னவென்றால், செப்டம்பர் 11 பாதுகாப்புக் கட்டணம் என்றே பெயர் சூட்டி வாங்கும் அந்தத் தொகையில் ஒரு பங்கை, 2013இல் செய்த வரவுசெலவு உடன்பாட்டின்படி, பற்றாக்குறையைக் குறைக்கப் பொதுக் கருவூலத்துக்குத் திருப்பினார்கள். ஜெர்மனியில் இந்தக் கட்டணத்தின் உச்சவரம்பு 10 யூரோவாக இருந்தது, 2025 ஜனவரியில் 15 யூரோவாக உயர்ந்தது.

குடியேற்ற அதிகாரிக்கும் சுங்க அதிகாரிக்கும் இதில் பங்கு உண்டா?

இல்லை. அவை அரசின் சொந்தப் பணிகள் என்று கருதப்பட்டு அரசு நிதியிலிருந்தே நடக்கின்றன. கடவுச்சீட்டில் முத்திரை குத்துவது அரசின் கடமை, அதே மனிதரின் பையைத் திறந்து பார்ப்பது அவர் பணம் கட்டிப் பெறும் சேவை என்ற இந்தப் பாகுபாட்டுக்கு ஏற்கத்தக்க விளக்கம் எதையும் நான் கண்டதில்லை.

பயணத்தை ரத்து செய்தால் இந்தத் தொகை திரும்பக் கிடைக்குமா?

கிடைக்க வேண்டும். சலுகை விலை டிக்கெட்டாக இருந்தாலும், அடிப்படைக் கட்டணம் திரும்பக் கிடைக்காது என்று நிபந்தனை இருந்தாலும், பயணம் நடக்காதபோது அரசு வரிகளையும் நிலையக் கட்டணங்களையும் பயணிக்குத் திருப்பித் தர வேண்டும் என்பது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் விதி. ரத்து செய்யாமல் வெறுமனே போகாமல் இருந்துவிட்டாலும் இது பொருந்தும். முகவர் வழியாக வாங்கியிருந்தால் முகவரிடமும், நேரடியாக வாங்கியிருந்தால் விமான நிறுவனத்தின் வலைத்தளத்திலும், பி.என்.ஆர். எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். கேட்கும்போது ‘ரீஃபண்ட் உண்டா’ என்று பொதுவாகக் கேட்டால் இல்லை என்று பதில் வரக்கூடும்; டிக்கெட்டில் உள்ள ஏ.எஸ்.எஃப்., யு.டி.எஃப். வரிகளைப் பெயர் சொல்லிக் கேட்பது நல்லது.